ஒன்பது வயது மகனுக்கு இதயத்தில் அப்லேஷன்: இப்போதே செய்வதா, வளரும்வரை பொறுப்பதா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு ஒன்பது வயது, எடை 24 கிலோ. ஏழு வயதிலிருந்து இருந்தாற்போல நெஞ்சு படபடக்கும், வந்தது போலவே சட்டென்று நிற்கும். கடைசித் தடவை நிற்கவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது துடிப்பு நிமிடத்துக்கு 230. ஊசி போட்டு நிறுத்தினார்கள். சாதாரண நேரத்தில் எடுத்த ஈசிஜியில் டபிள்யூ.பி.டபிள்யூ என்று எழுதியிருக்கிறது. எக்கோவில் (இதய ஸ்கேன்) ஒரு குறையும் இல்லை. புரொப்ரனலோல் குளிசை குடித்தும் மாதத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. சிறுவர் இதய நோய் வைத்தியர் அப்லேஷன் (நாளம் வழியாக இதயத்துக்குள் போய், படபடப்பைத் தரும் மின்பாதையைச் சூட்டால் செயலிழக்க வைப்பது) செய்யலாம் என்கிறார். அம்மம்மா, "பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே சுடுவதா, வளர்ந்தால் தானாகச் சரிவரும்" என்று அழுகிறார். லண்டன் மாமா சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். என்ன செய்வது?

பிள்ளையை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், உங்கள் வைத்தியரின் ஆலோசனை சரியானது. இந்த வயதில், இந்த எடையில், குளிசைக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் படபடப்புக்கு அப்லேஷன்தான் முதல் தெரிவு. உங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதா வேண்டாமா என்று வாதாடுகிறீர்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் வேறொன்றை முதலில் கேட்பேன்: டபிள்யூ.பி.டபிள்யூவுக்குக் காரணமான மேலதிக மின்பாதை பிள்ளையின் இதயத்தில் எங்கே இருக்கிறது? ஆபத்து, வெற்றி, அவசரம், எந்தக் கருவி என்ற எல்லாமே அந்த இடத்தைப் பொறுத்துத்தான் மாறும்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் சோணையறை, இதயவறை என்று படித்திருப்பீர்கள். மேலே இருக்கும் சோணையறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழே இதயவறைக்கு இறங்க, நடுவில் ஒரேயொரு சந்திதான் உண்டு. வைத்தியர்கள் அதை ஏ.வி. கணு என்பார்கள். அந்தச் சந்தி துடிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தித்தான் கீழே விடும். உங்கள் மகனுக்குப் பிறக்கும்போதே இதைத் தவிர இன்னொரு மெல்லிய தசை நார் இருந்திருக்கிறது. பிரதான வீதியில் சிக்னல் இருக்க, பக்கத்தில் சிக்னலே இல்லாத ஒரு ஒழுங்கை இருப்பது மாதிரி. ஒரு துடிப்பு சந்தி வழியாக இறங்கி, அந்த நார் வழியாக மேலே ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி என்று வட்டம் அடிக்கத் தொடங்கினால் அதுதான் நீங்கள் காணும் 230. பொதுப்பெயர் எஸ்.வி.டி. பயத்தாலோ காய்ச்சலாலோ கூடும் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது ஆளியைப் போட்டு அணைத்தது போல வரும், போகும்.

டபிள்யூ.பி.டபிள்யூ என்ற இந்த நோயை 1930 இல் வூல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூவர் சேர்ந்து எழுதினார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. அப்போது அதற்கு எதுவும் செய்ய முடியவில்லை. 1968 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து அந்த நாரை வெட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் கதீற்றர் (நாளத்துக்குள் ஏற்றும் மெல்லிய குழாய்) வழியாகவே செய்யப் பார்த்தார்கள், ஆனால் அதற்குப் பாவித்த மின் அதிர்ச்சி மிகக் கரடுமுரடானது. அந்தத் தசாப்தத்தின் கடைசியில் ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம் வந்த பிறகுதான், நெஞ்சைத் திறக்காமல், சில மில்லிமீற்றர் இடத்தை மட்டும் சூடாக்கி அந்த நாரைச் செயலிழக்க வைக்க முடிந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளுக்கும் செய்கிறார்கள். ஆக, பரிசோதனை நிலையில் உள்ள எதற்கும் உங்கள் மகனைக் கொடுக்கவில்லை.

இனி அம்மம்மாவின் கேள்வி. அவர் சொல்வது முழுப் பிழையும் அல்ல. கைக்குழந்தைக்கு இதே நோய் வந்தால் நாங்களும் பொறுக்கத்தான் சொல்வோம். பிறந்து சில மாதங்களில் தொடங்கும் எஸ்.வி.டி. பெரும்பாலான குழந்தைகளில் முதல் வருடத்துக்குள் அடங்கிவிடும். அந்த வயதில் மருந்து கொடுத்துக் காலத்தைக் கடத்துவதே புத்தி. அவர் எங்கேயோ யாரோ ஒரு குழந்தைக்கு அப்படிச் சரிவந்ததைப் பார்த்திருப்பார்.

ஆனால் உங்கள் மகனுடையது ஏழு வயதில் தொடங்கி ஒன்பதிலும் நிற்கவில்லை. டபிள்யூ.பி.டபிள்யூ உள்ள பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒரு அமெரிக்க ஆய்வு 1990 இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்குப் பிறகும் படபடப்பு இருந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் அது தொடர்ந்துகொண்டே இருந்தது. தானாகச் சரிவரும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதை நம்பி வருடக்கணக்கில் பிள்ளைக்குக் குளிசை கொடுப்பதும், ஒவ்வொரு விளையாட்டுப் போட்டிக்கும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மைதான ஓரத்தில் நிற்பதும் சின்ன விலை இல்லை.

அதோடு டபிள்யூ.பி.டபிள்யூவுக்கென்று தனியான ஒரு காரணம் உண்டு. சோணையறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால், ஏ.வி. கணு அதைத் தடுத்து மெதுவாக்கும். மேலதிக நாருக்கு அந்தத் தடுப்பு இல்லை. அந்த நார் மிக வேகமாகக் கடத்தக்கூடியதாக இருந்தால் இதயவறையும் தாறுமாறாகி, இதயம் நின்றுவிடலாம். இது அரிது; ஆயிரம் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான் பேசுகிறோம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை செய்து முடிக்கும் சிகிச்சையின் ஆபத்தை எடைபோடும்போது, செய்யாமல் விடுவதன் ஆபத்தையும் தராசின் மற்றத் தட்டில் வைக்கத்தான் வேண்டும்.

எடையையும் எழுதியிருக்கிறீர்கள். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில் தவிர்க்க முடியாவிட்டால் மட்டுமே அப்லேஷன் என்பது பொதுவான நியதி. 2016 இல் சிறுவர் இதய மின்னியல் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும் அந்த எல்லையைத்தான் வைத்திருக்கிறது. காரணம் நாளத்தின் அளவு மட்டும் அல்ல. சின்ன இதயத்தில் சூடு வைக்கும் இடத்துக்கும் இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். ஆட்டுக்குட்டிகளில் 1994 இல் செய்த சோதனையில், இளம் இதயத்தில் வைத்த தழும்பு இதயம் வளர வளரத் தானும் வளர்ந்தது தெரிந்தது. உங்கள் மகன் 24 கிலோ. அந்தக் கவலை வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டார்.

சரி, நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மேலதிக நார்களில் பாதிக்கு மேல் இதயத்தின் இடப்பக்கச் சுவரில்தான் இருக்கும். அங்கே போவதற்கு வலப்பக்கத்திலிருந்து நடுச்சுவரை மெல்லிய ஊசியால் கடக்க வேண்டும், அல்லது நாடி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் உண்மையில் மிக நல்ல முடிவு வருவது இந்த இடத்தில்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். வலப்பக்கச் சுவரில் இருந்தால் போவது சுலபம், நிலையாக நிற்பது கஷ்டம். ஒவ்வொரு துடிப்புக்கும் கதீற்றரின் நுனி ஆடும், சூடு சரியாகப் பிடிக்காது, நார் பிறகு திரும்ப உயிர்பெறுவதும் இங்கே கூட. சில பிள்ளைகளில் வலப்பக்க வால்வு பிறப்பிலேயே கீழிறங்கியிருக்கும், அவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நார்கள் இருப்பது வழக்கம். உங்கள் மகனின் எக்கோ சுத்தமாக இருப்பதால் அந்த வால்வுக் குறை பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

மூன்றாவது இடம்தான் எல்லோரையும் யோசிக்க வைப்பது: நடுச்சுவர், ஏ.வி. கணுவுக்குப் பக்கம். அங்கே சூடு சற்று விலகினால் கணுவே பாதிக்கப்படும். மேலிருந்து கீழே துடிப்பு இறங்காமல் போனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கப் பேஸ்மேக்கர். பிள்ளைகளின் அப்லேஷன்களை மொத்தமாகப் பார்த்தால் இது நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழே. ஆனால் அந்த ஒன்று எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதல்ல. இடப்பக்கச் சுவரில் ஏறக்குறைய இல்லை, கணுவுக்குப் பக்கத்தில் கணிசமாக உண்டு. மொத்தக் கணக்கை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த இடத்துக்கென்று குளிரூட்டும் முறை ஒன்று உண்டு: சூட்டுக்குப் பதில் கதீற்றர் நுனியைக் குளிர்விப்பது. முதலில் சுழியத்துக்குக் கீழே 30 பாகை அளவில் குளிர்வித்துப் பார்ப்பார்கள். கணு தடுமாறினால் உடனே நிறுத்தலாம், திசு சூடேறிப் பழைய நிலைக்கு வந்துவிடும். தடுமாறாவிட்டால் சுழியத்துக்குக் கீழே 70, 80 பாகைக்குக் கொண்டுபோய் நிரந்தரமாக்குவார்கள். பாதுகாப்பு கூட, ஆனால் நோய் திரும்ப வரும் வாய்ப்பும் சூட்டைவிடக் கூட.

நார் எந்தப் பக்கம் என்பதை டபிள்யூ.பி.டபிள்யூ உள்ளவர்களில் சாதாரண ஈசிஜியிலேயே ஓரளவு ஊகிக்கலாம். ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் ஒரு சரிவு இருக்கும், டெல்டா அலை என்பார்கள். அது எந்தத் தடத்தில் மேலே, எந்தத் தடத்தில் கீழே என்று பார்த்து நிபுணர்கள் இடம் சொல்வார்கள். ஆகவே அடுத்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: "டொக்டர், ஈசிஜியைப் பார்த்தால் பாதை எந்தப் பக்கம் போலத் தெரிகிறது? உள்ளே போன பிறகு அது கணுவுக்குப் பக்கத்தில் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டாவது கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது மிக முக்கியம். சரியான இடம் உள்ளே போய் அளந்தால்தான் உறுதியாகும். அந்த நேரம் பிள்ளை மயக்கத்தில், நீங்கள் கதவுக்கு வெளியே. "ஆபத்தான இடம் என்றால் சுட வேண்டாம், அளந்துவிட்டு வெளியே வாருங்கள், பிறகு யோசிப்போம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்றும் சுடாமல் திரும்பி வரும் வைத்தியரைச் சிலர் தோற்றுப்போனவராகப் பார்க்கிறார்கள். எனக்கு அவர்மீதுதான் நம்பிக்கை கூடும்.

அன்றைய நாள் எப்படிப் போகும் என்றால்: துடிப்பைக் கட்டுப்படுத்தும் குளிசையைச் சில நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் நார் ஒளிந்துகொள்ளும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது; திகதியை அவர்கள் சொல்ல வேண்டும். அந்த நாட்களில்தான் படபடப்பு வர வாய்ப்பும் அதிகம், ஆகவே அப்போது நுவரெலியா பயணம் வேண்டாம். வெறும் வயிற்றில் கூட்டிப்போவீர்கள். இந்த வயதில் அநேகமாக முழு மயக்கம் கொடுப்பார்கள், ஏனென்றால் அசையாமல் சில மணிநேரம் படுக்கப் பிள்ளையால் முடியாது. தொடை இடுக்கில் நாளம் வழியாக மெல்லிய கதீற்றர்களை ஏற்றி, இதயத்தின் உள்ளிருந்தே ஈசிஜி எடுப்பார்கள். பிறகு வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்பார்கள்; இதைக் கேட்டுப் பெற்றோர் திடுக்கிடுவார்கள், ஆனால் வந்தால்தான் பாதையைப் பிடிக்கலாம். முப்பரிமாண வரைபடக் கருவி இருந்தால் எக்ஸ்ரே நேரம் வெகுவாகக் குறையும். வளரும் பிள்ளைக்கு அது பெரிய நன்மை, இருக்கிறதா என்று கேளுங்கள்.

இடம் பிடிபட்டதும் நுனியைச் சூடாக்குவார்கள். திசு நிரந்தரமாகச் செயலிழக்க 50 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே போதும். அம்மம்மா கற்பனை செய்வது போல நெருப்பும் இல்லை, தீய்ந்த வாசமும் இல்லை. தழும்பு சில மில்லிமீற்றர் அகலம். சரியான இடமாக இருந்தால் திரையில் டெல்டா அலை சில நொடிகளில் மறைந்துவிடும். பல வருடமாக இந்த வேலையில் இருப்பவர்களும் அந்த நொடியில் மூச்சை விடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அரை மணிநேரமாவது காத்திருந்து, அது திரும்ப வருகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். வாட்டுக்கு வந்ததும் நாலைந்து மணிநேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு முழுச் சிகிச்சையிலும் மிகக் கொடுமையான பகுதி இதுதான். போனில் விளையாட்டை ஏற்றி, சார்ஜ் பண்ணிக் கொண்டுபோங்கள்.

இடுக்கில் கண்டல், சிறு இரத்தக் கசிவு சாதாரணம். இதயத்தைச் சுற்றி இரத்தம் கட்டுவது, இரத்தக் கட்டி, நாடிக்குச் சேதம் போன்றவை அரிது, ஆனால் உண்டு. உயிராபத்து, வேறு இதயக் குறை இல்லாத பிள்ளைகளில், ஆயிரத்தில் ஒன்று என்ற அளவு. திரும்ப வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து. அது அநேகமாக முதல் சில மாதங்களில் தெரிந்துவிடும், இரண்டாம் தடவை செய்யலாம். சின்னச் சின்ன ஓரிரு துடிப்புத் தவறல்கள் கொஞ்சக் காலம் இருக்கும். அதை வைத்து "திரும்ப வந்துவிட்டது" என்று முடிவுகட்ட வேண்டாம்.

மாமா சொல்லும் சென்னை விஷயம். அங்கே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் கொழும்பிலும் தேசிய வைத்தியசாலையின் இதய நோய்ப் பிரிவில் அப்லேஷன் பல வருடங்களாக நடக்கிறது, அரச செலவில். காத்திருப்புப் பட்டியல்தான் சிக்கல். ஊரைவிடச் செய்பவரின் அனுபவம் பெரிது: அவர் உங்கள் மகன் அளவு பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்கிறாரா, மயக்கம் கொடுப்பவர் சிறுவர்களுக்குப் பழகியவரா, ஏதும் நடந்தால் சிறுவர் இதயச் சத்திரசிகிச்சைக் குழு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? மகனின் கிளினிக் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் என்றால், சிகிச்சை எந்தக் கட்டடத்தில், எந்தக் குழுவோடு நடக்கும் என்று தெளிவாகக் கேளுங்கள். இதற்கெல்லாம் கொழும்பில் நல்ல பதில் கிடைத்தால், விமானச் செலவையும் தெரியாத ஊரில் தனியே வாட்டில் நிற்பதையும் மிச்சம் பிடியுங்கள். நார் கணுவுக்குப் பக்கத்தில் என்று தெரிந்து, குளிரூட்டும் கருவி இங்கே கிடைக்காது என்று வைத்தியரே சொன்னால், அப்போது சென்னையை யோசிப்பதில் நியாயம் உண்டு.

முறை வரும்வரை வீட்டில் படபடப்பு வந்தால்: பிள்ளையைச் சாய்ந்து உட்கார வைத்து, 10 மில்லிலீற்றர் வெற்று ஊசிக்குழாயின் வாயில் பதினைந்து நொடி பலமாக ஊதச் சொல்லுங்கள், தண்டு அசையும் அளவுக்கு. உடனே மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலையும் உயர்த்திப் பிடியுங்கள். இப்படிப் படுக்க வைத்துக் காலை உயர்த்துவது சும்மா ஊதுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலன் தருவதாகப் பெரியவர்களில் 2015 இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பிள்ளைகளுக்கும் இதையே பழக்குகிறோம். கண்ணை அழுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கண் பழுதாகலாம். நிற்காவிட்டால், அல்லது பிள்ளை வெளிறி, வியர்த்து, தலைசுற்றினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள் அல்லது பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். பின்னேரக் காலி வீதியில் பொரளை வரை ஓட்டிப்போக நினைக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோடு பழைய ஈசிஜிப் பிரதியையும் கையில் வைத்திருங்கள். "டபிள்யூ.பி.டபிள்யூ" என்ற சொல்லை வாசலிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் வெராபமில், டிகொக்ஸின் போன்ற மருந்துகள் இவர்களுக்கு ஆபத்தாகலாம். நிறுத்தும் ஊசி அடினோசின். சில நொடிக்குள் இதயம் நின்று கிளம்புவது போல இருக்கும், பிள்ளை மிகவும் பயப்படும். முன்பே சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி ஏறும்போது ஈசிஜித் தாளை ஓடவிட்டு அந்தத் துண்டைத் தரும்படி கேளுங்கள். அப்லேஷன் செய்பவருக்கு அதைவிடப் பெறுமதியான கடதாசி இல்லை.

ஓடும்போது, நீந்தும்போது அல்லது திடுக்கிடும்போது மயங்கி விழுந்தால் அது வேறு கதை. தன் ஈசிஜியில் நார் தெரியும் பிள்ளைக்கு அது அவசரத்தைக் கூட்டும், காத்திருப்புப் பட்டியலில் முன்னே போடச் சொல்லுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்லேஷனால் தீராத பரம்பரைத் துடிப்பு நோய்களும் உண்டு.

பாடசாலைக்குச் சில நாளிலேயே போகலாம். கிரிக்கெட், சைக்கிள், நீச்சல் ஒரு கிழமையாவது வேண்டாம், பிறகு வைத்தியர் சொல்வதுபோல. இடப்பக்கம் செய்திருந்தால் சில கிழமைக்குச் சிறு அளவில் அஸ்பிரின் தருவார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கொழும்பில் டெங்கு எப்போதும் சந்தேகிக்க வேண்டியது, டெங்கில் அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டும். சின்னம்மை, இன்புளுவென்சாவோடும் பிள்ளைகளுக்கு அது ஆகாது. காய்ச்சல் கண்ட அன்றே இதய கிளினிக்குக்கு அழைத்து, அடுத்த குளிசையைக் கொடுப்பதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்; காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்.